வாசகர் கேள்வி – பதில்: தென்கடலில் மீண்டும் இறங்கலாமா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக அலைச்சறுக்கு பழகி வருகிறேன். சென்ற ஆனியில், தென்மேற்குக் காற்றாகிய கச்சான் பலமாக வீசிய நாளொன்றில், தனுஷ்கோடியின் தென்கடலில் இறங்கினேன். அலை புரட்டியதில் கால் கயிறு அறுந்து பலகை தனியே போயிற்று. நீரோட்டம் என்னை வெளியே இழுத்தது. நாட்டுப்படகில் வந்த இருவர் தூக்கிக் கரை சேர்த்தனர். இப்போது இடுப்பளவு நீரில் நின்றாலும் நெஞ்சு படபடக்கிறது. விட்டுவிடுவதுதான் நல்லதா?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: விட வேண்டியதில்லை. அன்று தவறியது உங்கள் துணிவு அன்று, கணிப்பு. கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளிப்பதும், ஐப்பசிக்குப் பின் வாடை எழும்போது பாக் விரிகுடாவாகிய வடகடல் சீறுவதும் உங்கள் ஊர் மீனவர் அனைவரும் அறிந்தவை. ஒரு கடல் பொங்கும்போது மற்றது அடங்கியிருப்பது இக்கரையினருக்கு வாய்த்த வசதி. ஆதலால் முதல் சில வாரங்கள் அடங்கிய கடலில், கால் நிலைகொள்ளும் ஆழத்தில், பலகையிலிருந்து வேண்டுமென்றே விழுந்து எழுந்து பழகுங்கள். தலையைக் கைகளால் மூடி, உடலைப் பரப்பி விழுவதும், மூச்சை நிதானமாக விட்டு மிதப்பதும் உடலுக்குப் பழகிய பிறகே அலையைப் பற்றி நினைக்கலாம்.

அடங்கிய கடலிலும் ஒரு சூது உண்டு. கச்சான் காலத்தில் வடகரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோரம் நீர் குளம்போல் கிடக்க, பலகையில் படுத்தவரை அக்காற்று ஓசையின்றி வெளியே தள்ளிக்கொண்டு போகும். திரும்ப முயலும்போதுதான் தூரம் தெரியும். கொந்தளிக்கும் கடலைவிட இந்த அமைதியின் மீதே எனக்கு ஐயம் அதிகம். கரையில் ஒருவரைக் கவனிக்கச் சொல்லாமல் இறங்காதீர்கள்.

தென்கடலுக்குத் திரும்புவதை மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள். புறப்படுமுன் ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். உயரம் 1 மீட்டரிலிருந்து 2 மீட்டரானால் அலையின் ஆற்றல் 4 மடங்காகும் என்பதையும், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையிலான விநாடிகள் கூடக்கூட அது தொலைவிலிருந்து வலுவோடு வருகிறது என்பதையும் மறவாதீர்கள். பேரலைகள் கூட்டமாக வருவதால், கரையில் 20 நிமிடமாவது நின்று கவனித்த பின்னரே முடிவெடுங்கள்.

நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நகர்ந்து, அலை உடையும் பக்கமாகத் திரும்புங்கள். பலகையே உங்கள் மிதவை, அதை ஒருபோதும் கைவிடாதீர்கள். இரு கடல்களும் கூடும் அரிச்சல்முனையில் மட்டும் இந்த யோசனைகளை நம்பி இறங்க வேண்டாம். அங்கு நீரோட்டம் எந்தப் பயிற்சிக்கும் அடங்குவதில்லை.

கால் கயிற்றை உடனே மாற்றுங்கள். உப்பும் வெயிலும் அதை உள்ளூர நைந்துபோகச் செய்யும். கரையில் நிற்பவரின் கைப்பேசியில் கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்கள் பதிவாகியிருக்கட்டும்.