20×50 பைனாகுலர் வாங்கியும் ஒரு பறவையும் உருப்படியாகத் தெரியவில்லை. பறவை பார்ப்பதில் அப்படி என்ன இன்பம்?

கோளாறு உங்கள் கண்ணில் இல்லை, அந்த 20-இல் இருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று சொல்லித் தலையில் கட்டியிருப்பார்கள். 20 மடங்கு என்றால் கை நடுக்கமும் சேர்ந்து 20 மடங்கு. முன்வில்லையின் விட்டமான 50 மி.மீ.-ஐ 20-ஆல் வகுங்கள்: கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 2.5 மி.மீ. தான். விடிகாலை மங்கலில் கண்மணி அதைவிட அகலமாக விரிந்திருக்கும், அதனால் எல்லாம் இருட்டாகத் தெரியும். 8×42-இல் அது 5 மி.மீ.க்கு மேல். பார்வைப் பரப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால், கிளைக்குக் கிளை தாவும் தேன்சிட்டு கைவிட்டுப் போகாது. 'காசுள்ளவன் பொழுதுபோக்கு' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மைனாவுக்கும் செம்போத்துக்கும் வெறுங்கண்ணே போதும்.

எதை வாங்கினாலும் முதலில் கண்ணுக்குப் பொருத்துங்கள். தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பாருங்கள். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதற்குப் பிறகு அந்த வளையத்தைத் தொட வேண்டியதில்லை. கண்ணாடி போடுகிறவர் ரப்பர் குவளையை உள்ளே மடக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரமெல்லாம் கறுப்பாகும். பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வை பறவை மேலேயே நிற்க, கருவி கண்ணுக்கு ஏறி வர வேண்டும். புதியவர்கள் பறவையைத் தவறவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இனி இன்பம். பெயர் தெரிந்த பிறகுதான் அது தொடங்கும் என்பது என் கட்சி. வயலில் நிற்பதெல்லாம் 'கொக்கு' என்றிருக்கும்வரை வெள்ளைப் புள்ளிகள்தான். மஞ்சள் அலகோடு மாட்டின் காலடியில், டிராக்டரின் பின்னால் நடப்பது உண்ணிக்கொக்கு. அலகும் காலும் கறுத்து, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. அதை ஐந்து நிமிடம் விடாமல் பாருங்கள். ஒரு காலை முன்னே நீட்டி, நீரடியில் சேற்றை நடுக்கிக் கலக்கும். மிரண்டு கிளம்பும் மீன்குஞ்சை அலகு 'சட்'டென்று கொத்தும். வரப்போரம் சேற்று நிறத்தில் கூனி நிற்கும் மடையான் கண்ணுக்கே படாது. எழுந்து பறந்தால் சிறகு அத்தனையும் வெள்ளை!

காலை 6 முதல் 8.30 வரை போங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும், எதிர்வெயிலில் எல்லாமே காக்கைதான். ஊரெல்லாம் சுற்றுவதைவிட, பழுத்த ஆலமரத்தடியில் 20 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் குயில், குக்குறுவான், மாங்குயில் என்று தானாக வரும். குரல் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியை முழுசாக நம்பாதீர்கள். கரிச்சான், வைரி என்னும் வேட்டைப் பறவையின் குரலில் கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு அவற்றின் இரையைப் பிடுங்கும் பறவை. செயலி எந்த மூலைக்கு? கண்ணால் பார்க்காததைப் பட்டியலில் ஏற்றாதீர்கள். குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், கூட்டருகே காமிராவோடு குந்துவதும் வேண்டவே வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் சீசன் தொடங்கினால் போதும், 'குஞ்சு பொரிக்க வேடந்தாங்கல் வந்த வெளிநாட்டுப் பறவைகள்' என்று ஒரு செய்தி வந்துவிடும். அங்கே கூடு கட்டும் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன் எல்லாம் நம் துணைக்கண்டத்துப் பறவைகள். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து கூந்தன்குளம் வரும் வரித்தலை வாத்து குளிர்காலத்தைக் கழிக்கத்தான் வருகிறது. கூடு கட்டுவதெல்லாம் அங்கே திரும்பிப் போய்த்தான். உள்ளூர்க்காரனுக்கு விசா குத்தினால்தான் மதிப்பு போலிருக்கிறது.

அந்த 20×50-ஐத் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் வீசிவிடாதீர்கள். காமிரா முக்காலியில் மாட்டினால் ஏரி நடுவே மிதக்கும் வாத்துகளுக்கு ஆகும். அரைநிலா அன்று மாடிக்குக் கொண்டு போங்கள், நிலாவின் குழிகள் அருமையாகத் தெரியும்.