கேளுங்கள், பேசுவோம்

கேள்வி: என் கணவர் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. கடையை மூடிவிட்டோம், நகையெல்லாம் அடகில் இருக்கிறது. புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது அந்த வருடத்துக்கென்று கொடுக்கும் வேதவசன அட்டையில், இருந்தது எரேமியா 29:11. 'பாருங்க, இந்த வருஷம் எழுந்து நடந்துடுவார்' என்றார்கள் சபையில். நடக்கவில்லை. இப்போது 'உங்க விசுவாசம் போதலை' என்கிறார்கள். கிறிஸ்தவ நம்பிக்கை என்பதற்கு என்னதான் அர்த்தம்?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, முதலில் அந்த அட்டையில் அச்சடிக்காத வசனத்தைப் பார்த்துவிடுவோம். அட்டையில் இருக்கும் 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்பது கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனமே, எழுபது வருடம் ஆகும் என்கிறது. அதாவது கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பப்போவதில்லை, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

'இந்த வருஷம் மாறிடும்' என்று அப்போதும் ஒருவர் சொன்னார். 28-ஆம் அதிகாரத்தில் வரும் அனனியா. இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில், ஜனங்களுக்கு முன்பாக அடித்துச் சொன்னார். எரேமியாவும் 'ஆமென், அப்படியே ஆகட்டும்' என்றுதான் சொன்னார், அவருக்கும் ஆசைதானே. ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவே இல்லை என்று வேதம் சொல்கிறது. உங்களுக்குத் தேதி குறித்துக் கொடுத்தவர்கள் இந்த அதிகாரத்தையும் ஒருமுறை வாசித்தால் நல்லது.

சரி, அப்படியானால் நம்பிக்கை எது? 32-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது, எரேமியாவோ காவல்சாலையில். அந்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் வந்து ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். எதிரியின் கைக்குப் போகப்போகிற மண். கர்த்தர் சொன்னதால் எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். பணத்தைக் கொடுத்த பிறகு ஜெபத்தில், 'ஆண்டவரே, பட்டணமே போகப்போகிறது, இப்போது நிலம் வாங்கச் சொன்னீரே' என்று கேட்கவும் செய்கிறார். அதற்காக 'உன் விசுவாசம் போதாது' என்று கர்த்தர் அவரைத் தள்ளவில்லை. கடைசியில் எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு படி தானியம் அறுத்ததாக எங்கும் எழுதப்படவில்லை. நம்பிக்கைக்கு வேதத்தில் எனக்குத் தெரிந்த மிக நேர்மையான படம் இதுதான், சொன்னவர் உண்மையுள்ளவர் என்பதற்காக, பலனை நான் காண்பேனா என்று தெரியாமலே, இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது.

நமக்கு எரேமியாவிடம் இல்லாத ஒரு ஆதாரமும் இருக்கிறது. ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) தனக்கு வந்த உபத்திரவத்தில் பிழைப்போம் என்ற எண்ணமே அற்றுப்போனது என்று அப்போஸ்தலன் பவுல் 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் ஒளிக்காமல் எழுதுகிறார், அந்த நிலையில் மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் சாய்ந்தேன் என்கிறார். இயேசுவை எழுப்பியவர் நம்மையும் எழுப்புவார் என்பதில்தான் கிறிஸ்தவ நம்பிக்கை நிற்கிறது. உங்கள் கணவர் இந்த வருடம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம், எப்படியானாலும் அது அசையாது. நடக்க வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள், பிசியோதெரபியையும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. விதைக் காணிக்கை கொடுத்தால் சுகம் வரும் என்று யாராவது வந்தால் ஒரு பைசா கொடுக்க வேண்டாம், அந்தப் பணத்தில் அடகு வட்டியைக் கட்டுங்கள். விசுவாசம் போதவில்லை என்று சொன்னவர்களிடம், வாரத்தில் ஒரு மதியம் வந்து அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்களும் கொஞ்சம் தூங்கலாம்.

கேள்வி: துக்க வீட்டில், 'நம்பிக்கை உள்ளவர்கள் அழக்கூடாது' என்று அம்மாவை அதட்டுகிறார்கள். சரியா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐத்தான் அவர்கள் மனதில் வைத்திருப்பார்கள். நம்பிக்கையில்லாதவர்களைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்றுதான் அங்கே இருக்கிறது, துக்கமே படாதே என்று இல்லை. இறந்துபோன லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப்போகிற இயேசுவே அந்தத் துக்க வீட்டாரோடு கண்ணீர் விட்டார். அம்மா அழட்டும், விடச் சொல்லுங்கள்.