சேவை மனப்பான்மை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈரோடு பக்கம், வளர்ச்சித் தாமதமுள்ள ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி மையம் நடத்துகிறேன். சிறப்புக் கல்வியில் டிப்ளமோ முடித்த பெண்களை எடுத்துப் பழக்குகிறோம். கை தேர்ந்ததும் கோவைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். இந்தத் தலைமுறைக்குச் சேவை மனப்பான்மையே இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கட்டட உரிமையாளரிடம் சேவை மனப்பான்மையைக் கேட்டு வாடகையைக் குறைக்க முடிகிறதா? அந்தப் பெண்களிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

முதலில் சம்பளம். அதற்கு மாற்றே கிடையாது. தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அவை நிரம்பத் தொடங்கினால் உங்களிடமிருந்து இன்னும் பலர் போவார்கள். போகத்தான் வேண்டும்.

ஆனால் சம்பளத்தோடு முடிவதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போகிறது. கடி, முடி இழுப்பு, நனைந்த உடுப்பு எல்லாம் அன்றாடம். சாயங்காலம் தாய் வந்து, “ஆறு மாசமாச்சு, இன்னும் அம்மான்னு கூப்பிடலையே மிஸ்” என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்று காலைதான் அந்தக் குழந்தை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்திருக்கும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்த இன்னொருவர் மையத்தில் இருக்கிறாரா? இல்லையென்றால் இருபத்து மூன்று வயதுப் பெண் எத்தனை நாள் தாங்குவார்?

தென்காசி அருகே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தைப் போய்ப் பாருங்கள். உள்ளூர்ப் பெண்களையே சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் தெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைச் செயலியில் பார்த்து வழிகாட்டுகிறார்கள். ஊரில் குடும்பம் உள்ளவர், சந்தேகம் கேட்க ஆள் உள்ளவர், அவ்வளவு எளிதில் கிளம்பமாட்டார். உங்களால் முழுநேரத் தெரபிஸ்டை வைக்க முடியாது. வாரம் ஒருநாள் வரவழைத்து, குழந்தைகளோடு ஆசிரியைகளுக்கும் அவர் நேரத்தில் ஒரு மணி ஒதுக்கலாமே. அறிக்கை எழுதும் நேரத்தையும் வேலை நேரத்துக்குள் கொண்டுவாருங்கள்.

அப்படியும் சிலர் போவார்கள். ஆட்டிசமுள்ள குழந்தைக்குப் பழகிய முகம் ஒரே நாளில் மறைவது பெரிய அடி. கிளம்புகிறவரும் புதியவரும் இரண்டு வாரமாவது அந்தக் குழந்தையோடு சேர்ந்து உட்காரட்டும். சண்டை போட்டு அனுப்பினால் இது நடக்காது.

அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உங்கள் அலமாரியிலும் இருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.