ஒத்திகையில் மரியாதை: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை நகரிலும் சுற்றுப்புறத்திலும் தொண்டர்களாகச் சேர்ந்து நாடகம் போடும் குழுக்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் குழுவில் இருபது பேர் வரை இருக்கிறோம். ஆசிரியர், கடற்தொழிலாளி, உயர்தர மாணவி, ஓய்வூதியர் என்று எல்லா வகையும் உண்டு. நடத்தை ஒழுங்கு ஒன்று எழுத வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். "இதென்ன கந்தோரா?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். எழுதுவதென்றால் எதை எழுதுவது? (உவர்மலை வாசகர்)

பதில்: எழுதுங்கள். கந்தோரில் சம்பளம் இருக்கிறது, பிழை விட்டவரிடம் விளக்கம் கேட்க ஒரு கடிதம் இருக்கிறது. தொண்டர் குழுவில் இரண்டும் இல்லை. மனம் நொந்தவர் சண்டை பிடிக்க மாட்டார். அடுத்த ஒத்திகைக்கு வராமல் நின்றுவிடுவார். கேட்டால் "வீட்டில வேலை" என்பார். நாலைந்து பேர் இப்படிக் கழன்ற பிறகுதான் பெரும்பாலும் ஒழுங்கைப் பற்றிப் பேச்சு எழுகிறது.

ஒரு பக்கம் போதும். எங்கிருந்தோ எடுத்த எட்டுப் பக்கப் பத்திரத்தை மொழிபெயர்த்து ஒட்டினால் யாரும் வாசிக்க மாட்டார்கள். "எல்லோரும் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும்" என்ற வரியை முதலில் வெட்டுங்கள். அதைத் தான் மீறியதாக எவரும் ஒப்புக்கொள்ளப்போவதில்லை. செய்கையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஒருவரின் நிறம், உடம்பு, ஊர், சாதி, சமயம், பேச்சுவழக்கு ஆகியவற்றை வைத்துப் பகிடி பண்ணுவதில்லை. படம் எடுக்கலாம் என்று முன்கூட்டிச் சொன்ன ஒத்திகையைத் தவிர வேறு நாளில் போனில் படம் பிடிப்பதில்லை. உடுப்பு மாற்றும் இடத்துக்குள் குரல் கொடுக்காமல் நுழைவதில்லை. குடித்துவிட்டு வருபவர், கதாநாயகனாக இருந்தாலும், அன்று திருப்பி அனுப்பப்படுவார். இப்படி எழுதினால் நடந்ததா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லலாம்.

மீறினால் என்ன நடக்கும் என்பதும் அதே தாளில் வரவேண்டும். முதல் தடவை தனியே கூப்பிட்டுச் சொல்வது, இரண்டாம் தடவை எழுத்தில் கொடுப்பது, மூன்றாம் தடவை அந்தத் தயாரிப்பிலிருந்து விலக்குவது. அடி, பாலியல் தொல்லை, பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எதுவும் இந்தப் படிகளுக்குள் அடங்காது. அவற்றில் முறைப்பாடு வந்த அன்றே ஆளை ஒத்திகையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டுத்தான் விசாரணை. முறைப்பாடு எடுக்கும் இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் தாளின் அடியில் இருக்கட்டும்.

நெறியாளர் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வரும் ஒழுங்கு நெறியாளரைத் தவிர மற்ற எல்லோருக்கும் பொருந்தும். ஆகவே முதல் சந்திப்பில் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். போன நாடகத்தில் மனதுக்குக் கஷ்டமாயிருந்தது எது என்று ஆளுக்கொரு துண்டில் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். வரிகள் அந்தத் துண்டுகளிலிருந்தே வந்துவிடும். மட்டக்களப்புக் கூத்தில் பாத்திரங்களைப் பங்கிட்டுச் சட்டம் (அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய பிரதி) கொடுக்கும் நாளை ஒரு சடங்காகவே செய்வார்கள். உங்கள் தாளை வாசிக்கவும் நாடகக் கொப்பி கொடுக்கும் அந்த நாள்தான் பொருத்தம். கொப்பியின் முதல் தாளாகவே கட்டிவிடுங்கள். சிங்களம் பேசும் உறுப்பினர் ஒருவர் இருந்தாலும் சிங்களத்திலும் ஒரு பிரதி வேண்டும். பக்கத்திலிருப்பவர் காதுக்குள் சொல்லும் சுருக்கம் போதாது.

கேள்வி: நாடகத்தில் கணவன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து அறைய வேண்டும். மனைவியாக நடிப்பது நான். கணவனாக நடிப்பவரை முன்பின் தெரியாது. தொட்டு நடிக்க எனக்கு விருப்பமில்லை. சொன்னால் பாத்திரம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. (கிண்ணியா வாசகி)

பதில்: சொல்லுங்கள். உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது நெறியாளரின் தவறு. எந்தக் காட்சியில் யார் யாரைத் தொட வேண்டிவரும் என்பதைப் பாத்திரம் பங்கிடும் முன்பே அவர் சொல்லியிருக்க வேண்டும். மரபுக் கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடிவந்தார்கள். அதனால் இதற்கென்று பழைய வழமை எதுவும் கையில் இல்லை. நாமேதான் உண்டாக்க வேண்டும்.

தொடாமலே அந்தக் காட்சியைச் செய்யலாம். அவன் அவளுடைய கைப்பையைப் பறித்து எறியலாம், அவள் உட்கார்ந்திருக்கும் கதிரையை உதைத்துத் தள்ளலாம். அறை விழும் கணத்தில் இருவரும் உறைந்து நிற்க, ஒரு மத்தள அடியோடு வெளிச்சத்தை அணைக்கலாம். பெரும்பாலும் இதுதான் சபையை அதிகம் உலுக்கும். மேடையில் நிஜமாகக் கன்னத்தில் விழும் அறை பின்வரிசைக்குக் கேட்கும் என்ற நிச்சயமும் இல்லை.

தொடுவதற்கு இருவரும் சம்மதித்தால் முறை இப்படி. நெறியாளரும் மூன்றாவது ஆள் ஒருவரும், முடிந்தால் ஒரு பெண், கூட இருக்க வேண்டும். எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று தொடப்படுபவர் தன் உடம்பில் தானே காட்ட வேண்டும். மணிக்கட்டுக்கு மேல், முழங்கைக்குக் கீழ் என்று எல்லை தெளிவாக இருக்கட்டும். அது கொப்பியில் அந்த வசனத்துக்கு எதிரே எழுதப்பட வேண்டும். முதலில் மிக மெதுவாக, வசனம் இல்லாமல் செய்யுங்கள், பிறகு பாதி வேகம், வசனம் கடைசியில். இழுக்கும் காட்சியில் இழுபடுபவர்தான் நகர்வைக் கட்டுப்படுத்த வேண்டும். பிடிப்பவரின் கை மணிக்கட்டில் படிந்திருக்கும், அவ்வளவுதான்; அலறித் தடுமாறி முன்னே வருவது அவளுடைய கால். உண்மையாக இழுத்தால் தோள்மூட்டு நோகும்.

அறைவதற்கு இருவருக்கும் இடையில் ஒரு கை நீளத்துக்கு மேல் இடைவெளி வேண்டும். ஒருவர் முதுகு சபைப் பக்கம் இருந்தால் இடைவெளி தெரியாது. கண்ணைப் பார்த்து, தயார் என்று தெரிந்த பிறகே கை வீச வேண்டும். கை முகத்துக்கு முன்னால் காற்றில் போகும். சத்தத்தை அறை வாங்குபவர் நெஞ்சுக்கு முன்னால் தன் கைகளைத் தட்டி எழுப்புவார்; அதே வேகத்தில் தலையைத் திருப்புவார். பிழைப்பது பெரும்பாலும் நாடக நாளில்தான். சனத்தைக் கண்ட உற்சாகத்தில் ஒரு அடி முன்னே வைத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் முன்னால், ஒப்பனைக்கு முதல், இந்தக் காட்சியை இரண்டு தடவை செய்து பாருங்கள். ஒத்திகையில் பழகாத தொடுகை எதையும் மேடையில் புதிதாகச் சேர்க்கக் கூடாது. "உணர்ச்சியில வந்திட்டுது" என்பதைச் சாட்டாக ஏற்காதீர்கள். நேற்றுச் சம்மதித்தவர் இன்று வேண்டாம் என்றால் அதுவும் செல்லும்.

கேள்வி: எங்கள் நெறியாளர் பெரிய அனுபவசாலி. ஆனால் எல்லோர் முன்னிலையிலும் ஏசுவார். "அண்ணாவிமார் பிரம்போட நிண்டு பழக்கினவங்கள், நான் வாயோட நிக்கிறன்" என்பார். (சாம்பல்தீவு வாசகர்)

பதில்: கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஊரில் ஒருவராக, மாதக்கணக்கில் அதே ஆட்களோடு இருந்து பழக்கியவர். அவருடைய கண்டிப்பில் ஒரு பகுதியை மட்டும் பிய்த்து எடுப்பது வசதியான மரபுப் பற்று.

ஏச்சின் சேதம் மனதோடு நிற்பதில்லை. பயந்தவருக்கு மூச்சு மேலேறும், தொண்டை இறுகும், குரல் உயர்ந்து மெலியும். பாடமான வசனமும் மறக்கும். அதைக் கண்டு இன்னும் ஏச்சு. குரலைப் பலமாக்க நினைக்கும் நெறியாளர் தன் கையாலேயே அதைக் கெடுக்கிறார்.

திருத்தங்களை ஒத்திகை ஓடும்போது கொப்பியில் குறித்துக்கொண்டு, முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து பதினைந்து நிமிடத்தில் சொல்வது நல்ல வழமை. பாத்திரத்தின் பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும்: "இரண்டாம் காட்சியில் தரகர் வாசலுக்குப் பிந்தி வருகிறார்". உடம்பு, உச்சரிப்பு, பாடமின்மை போன்றவை தனியே சொல்ல வேண்டியவை. இன்னொன்று, தொண்டர் குழுக்களில் இதுவே பெரிய தொல்லை: சக நடிகர்கள் ஒருவரையொருவர் திருத்துவது. திருத்தம் நெறியாளர் வாயிலிருந்து மட்டும் வரட்டும். மற்றவர்களுக்கு ஏதாவது தோன்றினால் அவரிடம் சொல்லட்டும்.

நெறியாளரிடம் இதைப் பேச வேண்டியவர் ஏச்சு வாங்கியவர் அல்ல. குழுத் தலைவரும் மூத்த உறுப்பினர் ஒருவரும் ஒத்திகை இல்லாத நாளில் போய், நடந்த ஒரு சம்பவத்தைத் திகதியோடு சொல்லிப் பேசுங்கள்.

கேள்வி: ஆளுக்காள் "டேய்", "அடி", "நீ" என்று கூப்பிடுவது சிலருக்குப் பிடிக்கவில்லை. நட்பில்தானே? (பாலையூற்று வாசகர்)

பதில்: நட்பு இருவருக்கும் இருந்தால் சரி. புதிதாக வந்தவர் தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லட்டும். அண்ணா, அக்கா, ரீச்சர், பெயர், எதுவானாலும். நாற்பது வயது ஆண் பதினெட்டு வயதுப் பெண்ணை "நீ" என்றும் அவளுடைய வயதுப் பெடியனை "நீர்" என்றும் கூப்பிடும் குழுக்கள் உண்டு, அதைக் கவனியுங்கள்.

கேள்வி: மண்டபத்தில் உடுப்பு மாற்றத் தனி அறை இல்லை. ஒலிவாங்கி பூட்டும் தம்பியும் சங்கடப்படுகிறார். (நிலாவெளி வாசகி)

பதில்: கயிறு, நான்கு பழைய சேலை, உடுப்பு ஊசி போதும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் எதிரெதிர் மூலையில் மறைப்புக் கட்டுங்கள். சேலையை இரட்டையாக மடித்துப் போடுங்கள். பின்னால் வெளிச்சம் இருந்தால் ஒற்றைத் துணியில் நிழல் தெரியும். மறைப்புக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காட்சிக்கு இடையில் அவசரமாக மாற்ற உதவுபவரை நடிப்பவரே தெரிவு செய்யட்டும்.

உடுப்பில் குத்தும் ஒலிவாங்கியின் வயரை நடிகர் மறைப்புக்குள் போய்த் தானே உள்ளால் எடுக்க வேண்டும். பெட்டி இடுப்புப் பட்டியில் அல்லது பாவாடை நாடாவில். ஒலிக்காரர் வெளியே நின்று, பொருத்தும் இடத்தைத் தன் சட்டையில் காட்டினால் போதும். கடைசியில் ஊசியைச் சரி பார்க்க வேண்டுமென்றால், "தொடலாமா?" என்று கேட்டுவிட்டு. உதட்டுச் சாயமும் கண் மையும் பொதுவில் வேண்டாம். கண்நோய் பரவினால் நாடகமே நின்றுபோகும்.

கேள்வி: பாடசாலைப் பிள்ளைகளும் எங்களோடு நடிக்கிறார்கள். தனி விதி தேவையா? (மூதூர் வாசகர்)

பதில்: தேவை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த எவரோடும் ஒரு பெரியவர் தனியே இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள். ஒலிவாங்கி வயர் பூட்டும்போதும் இது பொருந்தும். பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தில் ஒத்திகை நேரம், கூட்டிச் செல்பவர், ஒவ்வாமை, படம் எடுக்கச் சம்மதமா என்பவை இருக்கட்டும். முடிந்ததும் "ஓட்டோ ஏற்றிவிட்டோம்" என்று கையைக் கழுவாதீர்கள். யார் கூட்டிக்கொண்டு போனார் என்று கொப்பியில் குறியுங்கள். வட்ஸ்அப்பில் பிள்ளைக்குத் தனிச் செய்தி வேண்டாம். பெற்றோரும் இருக்கும் குழுவில் போடுங்கள். சந்தேகம் எழுந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்.

கேள்வி: தமிழ், முஸ்லிம், சிங்கள உறுப்பினர்கள் சேர்ந்து செய்கிறோம். ஒத்திகை அட்டவணை போடும்போதே மனத்தாங்கல் வருகிறது. (நகர வாசகர்)

பதில்: அட்டவணைக்கு முன்னால் நாட்காட்டியை எல்லோரும் சேர்ந்து நிரப்புங்கள்: வெள்ளி ஜும்ஆ, போயா, கோயில் திருவிழா, சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலம். நோன்பு மாதத்தில் ஓட்டமும் ஆட்டமும் உள்ள காட்சிகளை நோன்பு திறந்த பிறகு வையுங்கள். பகலில் வசன வாசிப்பு போதும். மஹ்ரிபுக்கு முன்பே ஒத்திகையை நிறுத்தித் தண்ணீரும் பேரீச்சம்பழமும் தயாராக வைப்பது பெரிய செலவல்ல. சாப்பாட்டில் மரக்கறியும் ஹலாலும் தனித்தனிக் கரண்டியோடு இருக்கட்டும். சிரிப்புக்காக இன்னொரு சமூகத்தின் தமிழையோ சிங்களத்தையோ கொச்சையாக்கும் வசனம் இருந்தால், அந்தச் சமூகத்து உறுப்பினர் அதைக் கேட்டுச் சிரிக்கிறார் என்பதைச் சம்மதமாக எடுக்காதீர்கள். பெரும்பாலும் அது சங்கடச் சிரிப்பு.

கேள்வி: முக்கிய நடிகர்மேல் ஒரு தங்கச்சி பாலியல் தொல்லை என்று முறைப்பாடு சொல்கிறார். மேடையேற்றத்துக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. "நாடகம் முடியட்டும்" என்கிறார்கள். (பெயர், ஊர் தவிர்க்கப்பட்டது)

பதில்: முடியும்வரை பொறுத்தால், அந்த இரண்டு வாரமும் அவர் அதே மேடையில் அந்த ஆளோடு நிற்க வேண்டும், நாடகம் முடிந்ததும் குழு கலைந்துவிடும், விசாரிக்க ஆளும் இருக்காது.

முறைப்பாடு எடுப்பவர் இருவராக இருக்க வேண்டும், ஒருவராவது பெண். நெறியாளர் வேண்டாம், நடிகரின் உறவினரும் வேண்டாம். சொல்பவரை இடைமறிக்காமல் கேட்டு, திகதி, நேரம், இடம், சொன்ன சொற்கள், அங்கே நின்றவர்கள் என்று அவருடைய வார்த்தையிலேயே எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். "என்ன உடுப்புப் போட்டிருந்தீர்?" என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. இருவரும் சந்திக்காதபடி நடிகரை அன்றே ஒத்திகையிலிருந்து நிறுத்திவையுங்கள். நடிகரையும் தனியே கூப்பிட்டு முறைப்பாட்டைச் சொல்லி, அவர் பதிலையும் அதே முறையில் எழுதுங்கள். இருவரையும் நேருக்கு நேர் இருத்திச் சமாதானம் பேச வைப்பது நம்மூரில் கை வந்த கலை. இங்கே அது கூடாது. வட்ஸ்அப் குழுவில் ஒரு சொல்லும் போகக் கூடாது.

பாலியல் தொல்லை இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உடலைத் தொட்டால்தான் என்றில்லை, சொல்லும் செய்கையும்கூட அதில் அடங்கும். ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பொலிசுக்குப் போவதா என்பதை வயது வந்தவரென்றால் அவரே தீர்மானிக்கட்டும்; குழு தடுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவு வரை கூடப் போக ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம்.

பாத்திரத்துக்கு வேறு ஆளை எடுக்கலாம். வசனம் பாடமாகாவிட்டால் கொப்பியைக் கையில் வைத்தே நடிக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் திகதியைத் தள்ளுங்கள். எல்லா முக்கிய பாத்திரத்துக்கும் தொடக்கத்திலேயே ஒரு மாற்று ஆளைப் பழக்கிவைத்த குழுவுக்கு இந்த நெருக்கடி பாதியாகக் குறையும்.

கேள்வி: தேத்தண்ணியும் கூட்டுமாறும் எப்போதும் பெண்களிடமே வருகிறது. (உப்புவெளி வாசகி)

பதில்: வாரத்துக்கு இரண்டு பெயராகப் பட்டியல் போட்டு மண்டபக் கதவில் ஒட்டுங்கள். முதல் வாரத்தில் நெறியாளர் பெயரும் கதாநாயகன் பெயரும் இருக்கட்டும். கோப்பை கழுவுவதும் அதில் சேர்த்தி என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் தேத்தண்ணி ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.