கடன் வாங்காதேன்னு யார் சொல்றது?

அன்புள்ள அக்கா,

நான் அமெரிக்காவுல ஆஸ்டின்ல இருக்கேன், சமீபத்துலதான் சிட்டிசன் ஆனேன். இங்க மத்திய அரசு வரவுக்கு மேல செலவு பண்ணக்கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே எழுதணும், அதுக்கு ஒரு கன்வென்ஷன், அதாவது சட்டத்தைத் திருத்த மாநிலங்கள் கூடுற மாநாடு, கூட்டணும்னு எங்க டெக்சாஸும் இன்னும் பல மாநிலங்களும் தீர்மானம் போட்டிருக்காங்க. ஒரு குடும்பம் வரவுக்குள்ள வாழுது, அரசாங்கம் வாழக்கூடாதா? 36 டிரில்லியன் டாலரைத் தாண்டின இந்தக் கடன் என் பொண்ணு தலையிலதான் விடியும்னு நெனச்சா தூக்கம் வரல. கன்வென்ஷன் கூடினா மொத்த சட்டத்தையும் மாத்திடுவாங்கன்னு வேற சிலர் பயமுறுத்துறாங்க. எங்க தொகுதி பிரதிநிதிக்கு ஆதரவா லெட்டர் எழுதலாமா?

ஒரு வாசகர், ஆஸ்டின்

அன்புள்ள தம்பி,

இதைப் பத்தி யார்கிட்டயாவது சண்டை போடணும்னு ரொம்ப நாளா இருந்தேன், நீங்க மாட்டிக்கிட்டீங்க.

பொண்ணை நெனச்சு தூக்கம் வராத அப்பாவை நான் கிண்டல் பண்ண மாட்டேன். 2024ல அமெரிக்க அரசு வட்டிக்கு மட்டும் கட்டின காசு ராணுவச் செலவையே தாண்டிடுச்சு, கவலை நியாயம்தான். ஆனா "குடும்பம் வரவுக்குள்ள வாழுது"ன்னு எழுதினீங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. எந்தக் குடும்பம் தம்பி? முப்பது வருஷ மார்ட்கேஜ் இல்லாம அங்க வீடு வாங்கின நம்மாளு ஒருத்தரைக் காட்டுங்க பாப்போம். படிச்சவர் நீங்க, மேடையில எவனோ பேசினதை அப்படியே எனக்கு எழுதி அனுப்பலாமா?

மொத்த சட்டத்தையும் மாத்திடுவாங்கங்கறது பூச்சாண்டி. 1787ல பிலடெல்பியாவுல பழைய ஒப்பந்தத்தைத் திருத்தறேன்னு கூடிட்டு புதுசா ஒரு சட்டத்தையே எழுதி முடிச்சாங்க, வாஸ்தவம். ஆனா இப்போ என்ன எழுதினாலும் அம்பதுல 38 மாநிலம் தலையாட்டணும். கூட்டறதுக்கு வேண்டிய 34ஏ சேரல, 1983 வாக்குல 32 வரைக்கும் வந்துட்டு அப்புறம் சில மாநிலம் வாபஸ் வாங்கிடுச்சு. அதை விடுங்க.

நான் சொல்ல வந்தது வேற. 2009 ஜூலையில நான் கலிஃபோர்னியாவோட தலைநகர் சாக்ரமெண்டோல அண்ணன் வீட்டுல இருந்தேன். மாநில அரசுகிட்ட காசில்ல. மதினிக்கு ஸ்டேட் கவர்மெண்ட் வேலை, மாசத்துல மூணு வெள்ளிக்கிழமை சம்பளமில்லாத கட்டாய லீவு, அன்னிக்குன்னு பாத்து காலையில நாலு மணிக்கே முழிப்பு வந்து அடுப்பைத் தேய்ச்சுக்கிட்டு இருப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு வர வேண்டிய டாக்ஸ் ரீஃபண்டுக்கு பதிலா ஒரு காகிதம் வந்துச்சு, பாக்க செக் மாதிரியே இருக்கும், ஆனா அக்டோபர் 2ம் தேதி வா, 3.75 சதவீத வட்டியோட தர்றேன்னு அர்த்தம், காந்தி ஜெயந்திக்கு வாய்தா! அதையும் பெரிய பேங்குங்க கொஞ்ச நாள் வாங்கிட்டு ஜூலை 10க்கு மேல வேண்டாம்னுட்டாங்க. இத்தனைக்கும் பட்ஜெட் சமமா இருக்கணும்னு 2004லயே மக்கள் ஓட்டுப் போட்டு அந்த மாநில அரசியல் சட்டத்துல ஏத்தியாச்சு. கவர்னர் வேற யாருமில்ல, சினிமாவுல கண்டதையும் தூக்கி அடிச்ச அர்னால்டுதான். சட்டத்துல எழுதிட்டா கஜானாவுல காசு வந்துடுமா?

சரி, அந்த ஓட்டையில ஒரு பங்கை யாரு அடைச்சா? வாஷிங்டன். எப்படி? கடன் வாங்கி. அந்த வருஷம் பிப்ரவரியில கையெழுத்தான 787 பில்லியன் டாலர் ஸ்டிமுலஸ்ல, அதாவது பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தப் போட்ட காசுல, பெரிய பங்கு, மாநிலங்கள் வாத்தியார்களை வீட்டுக்கு அனுப்பாம இருக்கவும் ஏழைங்களுக்கான மருத்துவ உதவியான மெடிகெய்டை நிறுத்தாம இருக்கவும் போச்சு. அப்போ உங்க டெக்சாஸ் கவர்னரா இருந்த ரிக் பெர்ரி அதை வாய் நிறைய திட்டினாரு, ஆனா அந்த பட்ஜெட்ல விழுந்த துண்டை அடைக்க அதே காசுலதான் கை வெச்சாங்க. இப்ப அவங்கதான் கடன் வாங்காதேன்னு புத்தி சொல்ல வர்றாங்க, எனக்கு கோவம் வராம என்ன பண்ணும்?

வெர்மாண்ட் ஒண்ணைத் தவிர எல்லா மாநிலத்துலயும் பட்ஜெட்டை சமமா வைக்கணும்னு ஏதோ ஒரு விதி இருக்கு, அதைச் சொல்லித்தான் பெருமை. ஆனா ரோடு, பாலம், ஸ்கூல் கட்டடம் எல்லாம் பாண்ட், அதாவது கடன் பத்திரம், போட்டு வாங்கின கடன்லதான் எழும்புது, அது அந்த சமக் கணக்குல வராது. பொருளாதார மந்தம் வந்தா வரி வருமானம் விழும், அம்பது மாநிலமும் ஒரே நேரத்துல செலவை வெட்டும், அப்போ கடன் வாங்கத் தெம்புள்ள ஒரு ஆள் எங்கயாவது நிக்கணும். கொரோனா வந்தப்போ 2020 மார்ச்ல ஒரே சட்டத்துல 2.2 டிரில்லியன் டாலர் எறக்கினாங்களே, அந்தக் கையையும் கட்டிப் போட்டா? போர்னா விதிவிலக்கு, மூணுல ரெண்டு பங்கு ஓட்டு இருந்தா விதிவிலக்குன்னு எழுதுவாங்க, அந்த ஓட்டுங்களைப் பிடிக்க நடக்கிற பேரத்துல செலவு இன்னும் ஏறும், வேணா பாருங்க.

இன்னொண்ணு. 1997ல இதே திருத்தம் செனட்ல ஒரே ஒரு ஓட்டுல தோத்துச்சு, 66க்கு 34, மூணுல ரெண்டு பங்குக்கு 67 வேணும். நாடே கவுந்துடும்னாங்க. அடுத்த வருஷமே பட்ஜெட் உபரி, 2001 வரைக்கும் நாலு வருஷம், எந்தத் திருத்தமும் இல்லாம! அப்புறம் வரியைக் குறைச்சு, ஆப்கானிஸ்தான், இராக்னு ரெண்டு போரையும் இழுத்து வெச்சுக்கிட்டாங்க. அதுக்கெல்லாம் கை தூக்கினவங்க பேரு அங்க பதிவுல இருக்கு, போய் பாருங்க.

லெட்டர் எழுதலாமான்னுதானே கேட்டீங்க? எழுதுங்க, உங்க உரிமை, புதுசா வேற கிடைச்சிருக்கு. கூடவே ஒரு கேள்வியும் சேர்த்துக்கோங்க: டெக்சாஸ் பட்ஜெட்ல மூணுல ஒரு பங்கு கிட்ட வாஷிங்டன்ல இருந்துதான் வருது, நீங்க கேக்குற சட்டம் வந்தா அதுல எதை முதல்ல விடுவீங்க, மெடிகெய்டா, ஹைவேயா, ஸ்கூல் சாப்பாடா? பதில் வந்தா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. பொண்ணுக்கு என் அன்பு.

அக்கா