எந்த மீன், யாருக்கு? – அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் மீன் சாப்பிடச் சொல்கிறார். லண்டனில் இருக்கும் மச்சாள் ஃபோன் எடுத்து, மீனில் பாதரசம் இருக்கிறது, பிள்ளையின் மூளைக்குக் கூடாது என்கிறா. மாமியோ பிள்ளை பிறந்ததும் பால் சுரக்கச் சுறா வறைதான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறா. மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. யார் பேச்சைக் கேட்பது? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதலில் குழம்பை அடுப்பில் வையுங்கள், மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம். மூன்று பேரும் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள், ஆனால் மூவர் மனதிலும் இருப்பது வேறு வேறு மீன்.

பாதரசம் உண்மைதான். கடலில் அது மெத்தில் பாதரசமாக மாறிச் சின்ன உயிர்களுக்குள் போகிறது, அவற்றைத் தின்னும் சிறுமீனுக்குள், அந்தச் சிறுமீனைத் தின்னும் பெருமீனுக்குள் என்று ஏறிக்கொண்டே போய், பல வருஷம் வாழ்ந்து கணக்கில்லாத மீனை விழுங்கிய சுறாவிலும் தளப்பத்திலும் வாள்மீனிலும் குவிகிறது. சதையோடு ஒட்டிவிடுவதால் மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. நெத்தலி, சாளை, சூடை, கும்பளா அப்படியல்ல. சின்ன மீன், வாழ்வதும் கொஞ்சக் காலம், சேர்வது மிகக் குறைவு.

மச்சாள் கேள்விப்பட்டதும் பொய்யில்லை. இங்கிலாந்தில் கர்ப்பிணிகள் சுறா, வாள்மீன், மார்லின் மூன்றையும் தொடவே கூடாது என்றுதான் சொல்கிறார்கள். அதே சுறாவை அவுஸ்திரேலியாவில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை 150 கிராம் சாப்பிடலாம், அந்த இரண்டு கிழமையும் வேறு மீன் வேண்டாம் என்கிறார்கள். அமெரிக்காவில் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 2004இல் அவர்கள் கர்ப்பிணிகளுக்குச் சொன்னது, கிழமைக்கு 12 அவுன்ஸுக்கு மேல் மீன் வேண்டாம் என்று. பிறகு பார்த்தால் கர்ப்பிணிகள் பலர் போதிய அளவு மீனே சாப்பிடுவதில்லை. ஆகவே 2014இல், பாதரசம் குறைந்த மீனாகப் பார்த்துக் குறைந்தது 8 அவுன்ஸாவது, அதாவது கிட்டத்தட்ட 225 கிராமாவது சாப்பிடுங்கள் என்று புது வரைவு போட்டார்கள். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஎச்ஏ என்ற கொழுப்பு மீனில் நிறைய இருக்கிறது. பயந்து மீனை விடுவதும் நட்டம்தான், அதை யாரும் ஃபோன் எடுத்துச் சொல்வதில்லை.

கிங் மேக்கரல் கூடாது என்று ஒரு பட்டியல் சுற்றுகிறதே, அது அத்திலாந்திக் மீன். நம்முடைய அறக்குளா அதன் நெருங்கிய சொந்தம், பெரிதாகவும் வளரும், ஆகவே இந்த மாதங்களில் ஆசைக்கு எப்போதாவது ஒரு துண்டு போதும்.

இனி மாமி. பால் சுரப்பது பிள்ளை அடிக்கடி குடிப்பதால்தான், சுறாவால் அல்ல. ஆனால் உள்ளியும் மிளகும் தேங்காய்ப்பூவும் போட்டு அவ கையால் வறுத்துத் தரும் அந்த வறையை ஏன் இழக்க வேண்டும்? சுறாவுக்குப் பதிலாக நல்ல புது சூரையை அவித்து உதிர்த்து அதே பக்குவத்தில் செய்து தரச் சொல்லுங்கள். கேட்பா.

கேள்வி: 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்த கப்பலில் இருந்து கொட்டிய பிளாஸ்டிக்கை மீன் தின்றிருக்குமே என்று என் கணவர் இன்னும் மீனைத் தொடுவதில்லை. – வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்தபோது எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கரையில் வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகளை அள்ளி அள்ளி மூட்டை கட்டியதை மறக்க முடியுமா? ஆனால் மீன் விழுங்கும் மணி போய்த் தங்குவது குடலில். செவுளையும் குடலையும் எடுத்துத்தானே சமைக்கிறோம். நெத்தலிக்கும் அந்தப் பொறுமை வேண்டும்: தலையைக் கிள்ளி மெல்ல இழுத்தால் கருப்பு நூல்போலக் குடலும் கூடவே வந்துவிடும்.

கேள்வி: சூரை சாப்பிட்டால் சில நேரம் உடம்பு கடிக்கிறது, சில நேரம் ஒன்றுமில்லை. ஒவ்வாமையா? – வாசகர், தெஹிவளை

பதில்: ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் வரும். விட்டு விட்டு வந்தால் நான் சந்தேகப்படுவது பழுதான மீனை. எனக்கே நடந்தது. ஒரு சாப்பாட்டுக் கடையில் சூரைக் கறி, முதல் வாயிலேயே மிளகைக் கடித்ததுபோல் நாக்கு சுருக்கென்றது, காரமாக்கும் என்று தின்று முடித்தேன். அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, கழுத்தெல்லாம் தடிப்பு. சூரை, கும்பளா, சாளை போன்றவை சூட்டில் கிடந்தால் கிருமிகள் அவற்றில் ஹிஸ்டமீன் என்ற, ஒவ்வாமை போலவே தடிப்பும் கடியும் தரும் பொருளை உண்டாக்கிவிடும், பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. எதற்கும் ஒருமுறை டொக்டரிடம் காட்டுங்கள். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி.

உங்கள் ஊர்க் கடற்கரையிலேயே காலையில் ஒருநாள் படகுகளின் மீன் வருகிறது. பலநாள் படகு கிழமைக்கணக்கில் கடலில் நிற்கும், முதல் நாள் பிடித்த மீனும் ஐஸுக்குள் அவ்வளவு நாளும் கிடக்கும். வெட்டிய துண்டை வாங்காமல் முழு மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும், மண்ணிறமாக இருந்தால் வேண்டாம். அப்புறம், மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மரக்கறி, தேங்காய் என்று வெயிலில் சுற்றாதீர்கள், மற்றதையெல்லாம் வாங்கிய பிறகு கடைசியாக மீன்கடைக்குப் போங்கள்.