ஃபோர் வீல் டிரைவ் கோளாறுகள்: ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றும் முன் கேட்க வேண்டியவை

"கீழே சத்தம் வருது" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. டூ-ஹையிலா (பின் சக்கரங்கள் மட்டும்), ஃபோர்-ஹையிலா (நான்கும்), ஃபோர்-லோவிலா (நான்கும், தாழ்ந்த கியர் விகிதத்தில்)? ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதா, விடும்போதா? நேராகப் போகும்போதா, திரும்பும்போதா? இந்த மூன்றையும் எழுதுங்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி; இனி 'கேஸ்') மேல் பழி போட்டு வருகிற வண்டிகளில் பலவற்றில் கோளாறு வேறெங்கோ இருக்கும்.

கேள்வி: பார்ட்-டைம் வண்டி (தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடுவது). ஃபோர்-ஹை போட்டு தார் ரோட்டில் யூ-டர்ன் அடித்தால் பிடித்து இழுக்கிறது, குதிக்கிறது. அப்புறம் லீவர் டூ-ஹைக்கு வரமாட்டேன் என்கிறது. கேஸ் போய்விட்டதா சார்?

பதில்: போகவில்லை. இப்படியே ஓட்டினால் போகும். திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. உங்களுடையது மாதிரி, சென்டர் டிஃபரன்ஷியல் (முன், பின் ஷாஃப்டுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு) இல்லாத கேஸில் முன், பின் ஷாஃப்ட் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மண்ணிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். காய்ந்த தாரில் அதற்கு வழியில்லை, முறுக்கு ஷாஃப்டில் ஏறி நிற்கும். லீவர் வராததும் அதனால்தான்: உள்ளே ஸ்லீவின் (இரு ஷாஃப்டையும் கோக்கும் பல்வளையம்) பற்கள் அழுத்தத்தில் மாட்டிக் கிடக்கின்றன. பலம் போட்டு இழுத்தால் ஷிஃப்ட் ஃபோர்க் (ஸ்லீவைத் தள்ளும் கவை) வளையும். ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் ரிவர்ஸ் வந்தால் தானாக விடுபடும்.

கேள்வி: எனக்கு நேர் ரோட்டிலேயே இறுக்கம் ஏறுதே? முன்னாடி மட்டும் புது டயர் போட்டிருக்கேன்.

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான்கிலும் காற்றைச் சரியாக வைத்து, டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, 10 சுற்று உருட்டி, முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் ஓடியது என்று அளந்து பாருங்கள். சுற்றளவில் 1 சதவீத வித்தியாசம் என்றால், கிலோமீட்டருக்கு 10 மீட்டர் ஓட்டத்தை எங்காவது வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். ஆக்சில் மாற்றிய வண்டியாக இருந்தால் முன், பின் கிரவுன்-பினியன் (ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் ஜோடி) விகிதம் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

கேள்வி: டேஷ்போர்டில் ஃபோர் வீல் லைட் எரிகிறது, ஆனால் சேற்றில் முன் சக்கரம் இழுக்கவில்லை. ஹப் (முன் சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டோடு பூட்டும் பகுதி) ஆட்டோமேட்டிக்.

பதில்: பல வண்டிகளில் அந்த லைட், கேஸில் இருக்கும் சுவிட்ச் மாறியதை மட்டும்தான் சொல்கிறது. முறுக்கு சக்கரம் வரை போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

சம தரையில் நிறுத்தி, ஃபோர்-ஹை போட்டு, ஹப் பூட்டிக்கொள்ளச் சில மீட்டர் நேராக ஓட்டுங்கள். பின்னால் உருட்டாமல் அப்படியே இன்ஜினை அணையுங்கள், வண்டி முதல் கியரில் இருக்கட்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். இப்போது முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் (கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) கையால் திருப்புங்கள். கொஞ்சம் ப்ளே தவிர அசையக் கூடாது. தாராளமாகச் சுற்றினால் கோளாறு கேஸ் பக்கம்: ஷிஃப்ட் மோட்டார், ஃபோர்க், அல்லது அறுந்த செயின்.

ஷாஃப்ட் கெட்டியாக நின்றால் கேஸை விட்டுவிடுங்கள். ஒரு முன் சக்கரத்தைச் சுற்றுங்கள். லாக் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? சுற்றுகிற சக்கரத்தோடு அதன் ஆக்சில் ஷாஃப்டும் சுற்றுகிறதா என்று பாருங்கள். சக்கரம் சுற்றி, ஷாஃப்ட் நின்றால் அந்தப் பக்க ஹப் பூட்டவில்லை. பெரும்பாலும் காய்ந்து கெட்டியான கிரீஸ்தான். திசை மாற்றிச் சுற்றினால் சில ஆட்டோ ஹப்கள் விட்டுவிடும், அதனால் முன்னே ஓடும் திசையில் சுற்றிப் பாருங்கள். வேக்குவத்தில் (காற்று உறிஞ்சும் விசையில்) பூட்டும் வகையாக இருந்தால் ஹப்பைக் கழற்றும் முன் ரப்பர் ஹோஸில் வெடிப்பைத் தேடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும், ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் மற்றது இழுக்காது. அது கோளாறில்லை, டிஃபரன்ஷியலின் குணம்.

கேள்வி: 80 கிலோமீட்டர் வேகத்தில் உட்காரும் இடத்தில் அதிர்வு. வீல் பேலன்ஸ் இரண்டு முறை செய்தாச்சு.

பதில்: அதிர்வு எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது? டயர் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால் 80-இல் சக்கரம் நொடிக்குச் சுமார் 10 சுற்று. ஆக்சில் விகிதம் 4.1 என்றால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 41 சுற்று. சக்கரக் கோளாறு மெதுவாக உலுக்கும். ஷாஃப்ட் கோளாறு ரீங்காரம் மாதிரி நடுங்கும். உங்களுடையது இரண்டாவதாக இருந்தால் யூ-ஜாயின்ட் (ஷாஃப்ட் முனையில் கோணத்தில் சுற்றவிடும் மூட்டு) கிராஸை ஆட்டிப் பாருங்கள். கப் ஓரத்தில் செம்பழுப்புத் துருப்பொடி இருந்தால் அந்த பேரிங் காய்ந்துவிட்டது. ஷாஃப்டில் நசுங்கல், உதிர்ந்த பேலன்ஸ் வெயிட், ஒட்டிக் காய்ந்த சேறு, இவற்றையும் பாருங்கள். சேறுதான் காரணம் என்றால் செலவு ஒரு வாளித் தண்ணீர்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் ஸ்லிப் பகுதியிலும் (நீளம் மாறச் சறுக்கும் இணைப்பு) பெயின்ட் கோடு போடுங்கள். ஸ்ப்லைனில் ஒரு பல் மாற்றிப் போட்டாலும் இரு முனை யோக்குகளும் (யூ-ஜாயின்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் நிற்காது, புது அதிர்வு பிறக்கும்.

கேள்வி: சஸ்பென்ஷனை உயர்த்திய பிறகு வந்த அதிர்வுக்கும் இதுவேதானா?

பதில்: அதற்கு முதல் சந்தேகம் ஷாஃப்டின் கோணம். இரு முனையிலும் ஒற்றை யூ-ஜாயின்ட் உள்ள ஷாஃப்டில், கேஸ் அவுட்புட் கோணமும் பினியன் கோணமும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுசெய்யும்.

கேள்வி: ஃபோர்-லோவில் ஏற்றம் சரி. இறக்கத்தில் கால் எடுத்ததும் கியர் தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான். கேஸ் நியூட்ரலில் இருந்தால் இன்ஜின் பிரேக்கிங் கிடையாது, ஆட்டோமேட்டிக்கில் பார்க் போட்டாலும் வண்டி நிற்காது. சரியாகும்வரை இறக்கத்தில் போகாதீர்கள்.

கழற்றாமல் பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் அறுந்திருந்தால் கால் எடுத்ததும் மொத்த யூனிட்டும் சாய்ந்து லீவரை இழுத்துவிடும். லீவர் தண்டு முழுத் தூரம் நகர்கிறதா, ஃப்ளோர் ரப்பரில் இடிக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது டீடென்ட் குண்டும் ஸ்பிரிங்கும் (போட்ட கியரை நழுவாமல் பிடிப்பவை). பல கேஸ்களில் வெளியிலிருந்து ஒரு போல்ட் கழற்றினாலே வந்துவிடும். இவையெல்லாம் சரி என்றால்தான் உள்ளே தேய்ந்த ஃபோர்க், முனை மழுங்கிய ஸ்லீவ் பற்கள்.

கேள்வி: ஃபோர் வீலில் லோடு கொடுத்தால் 'டமார்' என்று அடிக்குது, டூ-ஹையில் இல்லை.

பதில்: செயினால் முன் ஷாஃப்டை ஓட்டும் கேஸ் என்றால் நீண்ட செயின் பல் தாண்டுகிறது. ஆனால் பாதி பூட்டிய ஹப்பும் இதே மாதிரி அடிக்கும். மேலே சொன்ன சோதனையை முடித்துவிட்டுச் செயினுக்கு வாருங்கள். செயின் மாற்றினால் ஸ்ப்ராக்கெட் பற்களையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கேஸில் ஆயில் குறைகிறது, வெளியே ஒரு சொட்டு இல்லை.

பதில்: கியர்பாக்ஸ் லெவல் பிளக்கைத் திறங்கள். நிரம்பி வழிந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆயில் சீல் போய்விட்டது. ஆயில் கலந்திருக்கும், இரண்டையும் மாற்றுங்கள்.

கேள்வி: ஆறு தாண்டிய பிறகு ஆயில் பால் மாதிரி. என்ன ஆயில் ஊற்றுவது?

பதில்: சூடான கேஸ் தண்ணீரில் சட்டெனக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் (காற்றுத் துளை) வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். ஆக்சில்களிலும் அதே நடந்திருக்கும், மூன்றையும் பாருங்கள். வடிக்கும் முன் ஃபில் பிளக்கைத் திறந்துவிடுங்கள். வடித்த பிறகு அது திறக்க மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும். ஆயில் கையேட்டில் உள்ளதுதான்: பல செயின் கேஸ்களுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), பல கியர் கேஸ்களுக்கு கியர் ஆயில், கிளட்ச் பேக் உள்ளவற்றுக்குத் தனி ஃப்ளூயிட். ஊகித்து ஊற்றாதீர்கள். பிளக் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இயல்பு, விரலில் நெருடும் துண்டு என்றால் கேஸைத் திறக்க வேண்டும்.